எட்டாவது வரை வீட்டில் படித்தவள்

எங்கள் நைனாவுக்கு 'ழ' வராது. எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவார். வாயைத் திறந்தால் பழம் பயமாகிவிடும், மழை மயையாகிவிடும். எளாவூர்ப் பக்கம் யாருக்குத்தான் வந்தது? அக்காவுக்கும் வராது. அந்தக் குற்றத்துக்காக, ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த தெற்கத்தி வாத்தியார் அவளை மூன்று நாள் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்.

நான்காம் நாள் நைனா நியாயம் கேட்க வந்தார். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை என்பதால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

"கொயந்த மேல இன்னா சார் தப்பு? எங்க ஊட்ல அப்டிதான் பேசுவோம்."

வாத்தியார் சாக்பீஸை மேசை மேல் வைத்தார். "சரி, நீங்க சொல்லுங்க பாப்போம். வாழைப்பழம்."

"வாயப்பயம்" என்றார் நைனா.

மொத்தப் பள்ளியும் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே எங்கள் இருவர் பையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இனிமே ஒருத்தனும் எம் பொண்ணுங்களுக்குக் கத்துக் குடுக்கத் தேவல. நான் எட்டாவது பாஸ். நானே சொல்லித் தரேன்."

"உனுக்கு இன்னா பைத்தியமாய்யா?" என்று அம்மா கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

ஆந்திரா பார்டர் செக்போஸ்ட் ஓரமாக உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு ஃபாரம் எழுதித் தருவது அவர் தொழில். எங்கள் பாடமும் அங்கேதான், அந்த ஃபாரத்திலேதான். சரக்கு என்ன, எத்தனை மூட்டை, எங்கிருந்து எங்கே. மூட்டைகள்தான் கணக்கு, லாரி வந்த ஊர்கள்தான் பூகோளம். லாரி முதுகுகளைப் பார்த்தே அக்கா தெலுங்கு எழுத்துப் படித்துவிட்டாள். எனக்கோ பாதி மண்டையில் ஏறாது. வெயிலில் தூங்கி வழிவேன்.

மூன்று வருஷம் பொறுத்த அம்மா, ஒருநாள் நைனாவிடம் கேட்காமலே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்தாள். அக்கா அதற்குள் வயதுக்கு வந்திருந்தாள். "இம்மாம் பெரிய பொண்ண அஞ்சாவதுல எப்டி குந்த வெக்கிறது?" என்று அம்மாவே கைவிட்டுவிட்டாள். எனக்கு வாங்கிய புத்தகத்தை அக்கா அட்டை முதல் அட்டை வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, பிறகுதான் என் கையில் தந்தாள்.

எட்டாவது பரீட்சையை அக்கா பள்ளிக்குப் போகாமலே எழுதலாம் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். விசாரித்தால், பழைய பள்ளியிலிருந்து, அவள் அங்கே படித்ததற்கான ரெக்கார்டு ஷீட் வேண்டும் என்றார்கள்.

"அந்தாளு மூஞ்சில முயிக்க மாட்டேன்" என்றார் நைனா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீம்பு அவருடையது, வீணாய்ப் போனது அவளுடைய படிப்பு. அவர் மேல் எனக்கு இருந்த பாசத்தில் ஒரு துளி அன்றைக்குக் குறைந்தது. அது திரும்ப ஊறவே இல்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வந்தன. அதில் ஒன்றில் பேக்கிங் பக்கம் சரக்கை எண்ணி எழுத, எட்டாவது படித்த பெண்கள் வேண்டும் என்று சொன்னார்கள். அக்கா பிறந்ததே அதற்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நைனா கோடில்லாத வெள்ளைத் தாள் வாங்கி வந்து, தானே ஒரு சர்டிபிகேட் எழுதினார். 'இதனால் தெரிவிப்பது என்னவென்றால், என் மூத்த மகள் எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்துத் தேர்ச்சி அடைந்துள்ளாள். இங்ஙனம், தகப்பனார்.' கீழே கையெழுத்து. அவர் எழுதிக் கொடுத்த ஒரு தாளையும் செக்போஸ்ட்டில் யாரும் திருப்பியதில்லை. அந்தத் தைரியம் அவருக்கு.

கம்பெனி கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. அக்காவுக்குத் துணையாக நான் போனேன். ஆபீசில் இருந்தவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"எந்த ஸ்கூலும்மா இது? பேரே காணோம்?"

"எங்க நைனா எழுதனது சார்" என்று அக்கா சொன்னாள்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பதமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இத வெச்சி அந்த வேல தர முடியாதும்மா. கூட்டிப் பெருக்க ஆள் வேணும். வரியா?"

அக்கா தலையாட்டினாள். ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதி, 'படிப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அவர் எழுதியதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். அதற்கு நேராக அக்கா அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நைனா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"இன்னாம்மா, படிச்சிப் பாத்தாரா? இன்னான்னு எழுதிக்கினாரு?"

"எட்டாவதுன்னு எழுதிக்கினாரு நைனா" என்றாள் அக்கா.