அந்தக் காலத்து மனிதர்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், நான் பார்க்டேலில் அண்ணையின் அப்பார்ட்மெண்டில் இருந்தேன். காலையில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம், பின்னேரம் பேக்கரியில் வேலை. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேரே வகுப்புக்கு வருவார். ஒருநாளும் தூங்கி விழுந்ததில்லை.

ஒருநாள் சரித்திர ஆசிரியர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியில் அவர் குரல் தழுதழுத்தது. அதை எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதை மட்டும் அவசரமாகச் சொல்லி முடித்தார். "அவர் அந்தக் காலத்து மனிதர்" என்றார்.

பக்கத்திலிருந்தவர் கையை உயர்த்தினார். "என் பாட்டியின் பாட்டியும் அந்தக் காலத்து மனுஷிதான். அடிமைத்தனம் பிழையென்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்ததே?"

ஆசிரியர் பக்கத்தைப் புரட்டினார்.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் தமிழர் விடுதலைக் கூட்டங்களில் பேசுகிறவர். "வெள்ளையன்ர விடுதலை உவ்வளவுதான்!" என்று துள்ளினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையிலும் அதையே பேசினார். அடிமைகளை வைத்துக்கொண்டு சமத்துவம் எழுதினவர்களிடமா நாங்கள் நியாயம் கேட்கிறோம் என்றபோது மண்டபம் அதிர்ந்தது. நானும் பெருமையோடு கை தட்டினேன்.

அடுத்த கிழமை, பேக்கரியில் கூட வேலை செய்த ஒருவரைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னேன். எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அண்ணை நாலைந்து பேருக்கு ஃபோன் அடித்து விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உவை ஆரெண்டு தெரியுமே உனக்கு?"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ? உவன்ர தகப்பன் எங்கட வளவுக்கை மரமேறினவர். படலையடியில, வெளியில நிண்டுதான் கதைக்கிறவர்."

"மேடையில என்ன பேசினனீங்கள், அண்ணை?"

"அது இனத்தின்ர விடுதலை. இது குடும்பம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதை."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல அமைதியாகச் சொன்னார்.

நகர மண்டபத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஜமேக்காப் பெண்மணி. குடும்பத்தார் எங்கே என்று கேட்டார். என்னிடமிருந்த ஆங்கிலத்தில் சாதியை விளங்கப்படுத்தினேன்.

"உங்கள் எல்லோருக்கும் ஒரே நிறம்தானே?"

"ஓம்."

"அப்படியானால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

"எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்டு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மகள் பிறந்து, அவளுக்கு இரண்டு வயதானபோது றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில் அண்ணையைக் கண்டோம். குழந்தையைத் தூக்கி, தன்னுடைய மூக்கு அப்படியே இருக்கிறதென்று கொஞ்சினார். ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நம்பினேன். காரை நிறுத்திவிட்டுக் கணவர் வந்து, "சுகமா இருக்கிறியளே, அத்தான்?" என்று கையை நீட்டினார்.

அண்ணை பிள்ளையை என் கையில் தந்தார். நீட்டிய கையைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

"குளிருது, பிள்ளையோட உள்ள வாரும்" என்றார் கணவர்.