கயிற்றைப் பிடித்தவள்

நல்லம்பள்ளிப் பக்கம் யார் வீட்டு வாளி கிணற்றில் விழுந்தாலும் சவரியைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பவள் அவன் மனைவி லூர்துமேரி. அவளிடம் கடிகாரம் ஏது? அவன் தலை மூழ்கியதும் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குவாள். நான்கு, மிஞ்சினால் ஐந்து செபத்துக்குள் மேலே வந்துவிடுவான். ஆறாவது முடிந்தும் வராவிட்டால் இழுக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் பேச்சு.

இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் இழுத்தாள். இண்டூரில் ஒரு கிணற்றில் பாறை இடுக்கில் அவன் கால் மாட்டிக்கொண்டது. தோல் உரிந்து மேலே வந்தவன், மூச்சு திரும்பியதும், “அஞ்சுலயே இழுத்திருக்கலாமில்ல மேரி” என்றான். பேச்சைப் பார். இரண்டு நாள் அவனுக்குச் சோறு மட்டும் போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் அவன் ஈரலில் புற்று என்றார்கள். சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காத மனுஷன். எப்போதோ வந்த காமாலை உள்ளேயே தங்கிவிட்டதாம். பெங்களூரில் டாக்டர் புது வைத்தியம் ஒன்றைச் சொன்னார். கட்டி நெல்லிக்காய் அளவுதான். ஸ்கேனில் பார்த்தபடி நீள ஊசியை இறக்கி ஆல்கஹாலைச் செலுத்தினால் கட்டி அப்படியே செத்துவிடும். நாலு ஊசி போட வேண்டும். ஊசி இறங்கும்போது மூச்சை அடக்கி அசையாமல் கிடக்க வேண்டும்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானுங்க” என்றான் சவரி.

திரைக்கு வெளியே நின்றாள் லூர்துமேரி. “மூச்சு பிடிங்க” என்ற குரல் கேட்டதும் தொடங்கினாள். மூன்றாவது செபத்தில் டாக்டர் சிரிப்பது கேட்டது. “போதும், விடுங்க. ஊசிய எடுத்து எவ்வளவு நேரமாச்சு.”

திரும்பும் பஸ்ஸில் அவன் கேலி பேசினான். “வாயில ஊத்தாதத வவுத்துல ஊத்திட்டாங்க மேரி. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?” அவள் சிரித்தாள். பிழைத்துவிடுவான் என்று அன்று முழுசாக நம்பினாள்.

இரண்டாவது ஊசியும் நல்லபடி ஆனது. மூன்றாவதற்குப் போனபோது அவன் வயிறு வீங்கியிருந்தது. “மூச்சு பிடிங்க” என்றதும் தொடங்கினாள். முதல் செபம் பாதிகூட ஆகவில்லை, அவன் இருமினான். மறுபடி பிடித்தான், மறுபடி இருமினான். டாக்டர் வெளியே வந்தார்.

“வயித்துல தண்ணி கோத்துடுச்சும்மா. இனி ஊசி தாங்காது. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க.”

கிணறெல்லாம் வற்றிக் கிடந்த வருஷம் அது. எங்கேயும் இல்லாத தண்ணீர் இவன் வயிற்றில்தானா வந்து சேரவேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“மேரி, ஒரு செபங்கூட முடியல இல்ல?” என்று பஸ்ஸில் கேட்டான்.

“ரெண்டு ஆச்சுங்க” என்றாள்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம், அவனுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. நிற்கும்போதெல்லாம் அவள் செபத்தைத் தொடங்கினாள். இரண்டில் வந்தான். மூன்றில் வந்தான். அடுத்த தடவை ஐந்து ஆயிற்று. பக்கத்து வீட்டுச் செல்லி கண்ணை மூடிவிடக் கையை நீட்டினாள்.

“இருடி. இன்னும் ஒண்ணு இருக்குது.”

ஆறாவதை ஒவ்வொரு சொல்லாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அதுவும் முடிந்தது. அவள் கைகள் தாமாகவே அவன் இடுப்புப் பக்கம் போய்த் தடவின. அங்கே கயிறு இல்லை.