கரண்ட் நின்ற நாளில் ஒரு பாட்டு

பங்க் ராக் கிட்டாருக்கு மூன்று கார்ட், அதாவது மூன்று சுரக்கூட்டு, பிடிக்கத் தெரிந்தால் போதும். நான்காவதாக வேண்டியது, எவ்வளவு திட்டு வாங்கினாலும் சிவக்காத காது. வேகமாக, சத்தமாக, தொண்டை கிழியப் பாடுகிற இந்த இசையைத் திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு இருபத்தைந்து வருடம் வாசித்திருக்கிறேன். பகலில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங். ஊருக்குப் புரியாத ஒன்றில் ஆசை வைத்து மாட்டிக்கொண்ட சகபாவிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மைக் டெஸ்ட்

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டுக் குழு என்று நினைத்துத்தான் கூப்பிட்டார்கள் என்பது மேடை ஏறிய பிறகே தெரிந்தது. நானும் டிரம்மர் முருகேசனும் பேஸ் கிட்டார் குமாரும் கண்ணால் பேசிக்கொண்டோம். வந்தது வந்துவிட்டோம், நம்முடையதையே அடிப்போம் என்று முடிவு.

சொந்தப் பாட்டு மூன்றை மூச்சுவிடாமல் வாசித்தோம். லாரி டயர் வெடித்ததைப் பற்றிய பாட்டில் முருகேசனின் குச்சி ஒன்று உடைந்து பந்தலுக்குள் பறந்தது. கூட்டம் அசையவில்லை. விழாக் கமிட்டிப் பெரியவர் மெதுவாகப் படியேறி என் அருகில் வந்தார். கோபம் துளியும் இல்லை.

"ஏனுங்க தம்பி, மைக் டெஸ்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

டிரம்மர் போன இடம்

குமார் முதலில் கோழிப்பண்ணைக்குப் போனான். அப்புறம் முருகேசன் மாமனாரோடு சேர்ந்து போர்வெல் ரிக் வண்டி வாங்கி வடக்கே கிளம்பிவிட்டான். எங்கள் ஊரில் ரிக் வண்டியோடு போகிறவர்கள் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார்கள். குழு அதோடு முடிந்தது.

நான் தனியாக ஒரு பாட்டாவது பதிவு செய்து பார்ப்பது, அது தேறாவிட்டால் கிட்டாரையே விற்றுவிடுவது என்று மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் இல்லாமல் நான் ஒரு பாட்டுகூட வாசித்ததில்லை. முருகேசனுக்குப் போன் போட்டேன். ரிக் இரைச்சலுக்கு நடுவே கத்தினான்.

"மாப்ள, இந்த மிசினு போடற சத்தத்துக்கு நாம போட்டதெல்லாம் தாலாட்டுடா!"

லீவு போட்ட நாள்

என் வீட்டுச் சுவரை ஒட்டிப் பழனியம்மாள் அக்காவின் விசைத்தறிக் கூடம். எட்டுத் தறி. எப்போது மைக் வைத்தாலும் பாட்டுக்குள் தறி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் பேப்பரில் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எங்கள் பகுதியில் கரண்ட் இருக்காது. தறி ஓடாது! பட்டறைக்கு லீவு சொன்னேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. அப்படி ஓர் அமைதியை அந்தத் தெருவில் நான் கேட்டதே இல்லை. போனை ரெக்கார்டிங்கில் போட்டு, எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஓங்கி ஓர் அடி அடித்தேன். கொசு முனகியதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது. அப்போதுதான் உறைத்தது. வேலை இல்லாமல் வாசலுக்கு வந்த அக்கா, கையில் ஒயரோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"கரண்ட்டு போனா நாங்க சும்மா இருப்பமுங்க தம்பி. கரண்ட்டு போறதுக்குன்னே லீவு போட்ட ஆளு நீங்கதானுங்க."

சுவிட்சில் வைத்த கை

போட்ட லீவை வீணாக்க மனமில்லை. பரண்மேல் கிடந்த பழைய மரக் கிட்டாரைத் துடைத்துக் கம்பி மாற்றினேன். முதல் முறை பாடிக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த குரல், அங்கங்கே பிசிறியது. ஆனால் அது என் குரல். வடக்கே போனவனின் டிரம்ஸ் என் வீட்டு மூலையில் தூசி தின்பதைப் பற்றிய பாட்டு அது. சத்தத்தைக் குறைத்ததும் வார்த்தை கேட்டது. அக்காவும் தறி ஓட்டும் இரண்டு பெண்களும் டீ டம்ளரோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினோராவது முறை சரியாக வந்துகொண்டிருந்தது. கடைசிச் சரணத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பாகவே மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தேன். ஒரு தறிகூட ஓடவில்லை. பாடி முடித்து எட்டிப் பார்த்தால், அக்கா கூடத்துக்குள் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் கை வைத்தபடி நின்றிருந்தார். அரைநாள் நெசவு போன கூடம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிஞ்சுதுங்களா சாமி? இல்லீன்னா இன்னொருக்கா பாடுங்க, அப்பறம் போட்டுக்கறேன்."

வடக்கிலிருந்து பதில்

பாட்டை இணையத்தில் போடும் முன் முருகேசனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. கிட்டாரை யாரிடம் விற்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். பின்னால் ரிக் சத்தம் இல்லை. கேபினுக்குள் உட்கார்ந்து கேட்டானாம், நான்கு தடவை.

"நானில்லாம வாசிச்சிருக்கற, அதும் நல்லாருக்குது. வயிறு எரியுதுடா. மழைக்கு ஊருக்கு வாரேன், அந்த டிரம்ஸத் தொடச்சு வெய்யி."

சத்தம் போட்டே இருபத்தைந்து வருடம் திட்டு வாங்கிய நான், இப்போது அடுத்த பாட்டுக்காக எங்கள் பகுதியில் கரண்ட் எந்தக் கிழமை நிற்கும் என்று தினமும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.