இரண்டாவது வரியில் இறங்கும் குரல்

நேரில் "அண்ணே" என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரை "அமுக்குணி" என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறக்காமல் காரியம் பார்க்கிற ஆசாமி என்பது ஒரு காரணம். சினிமாப் பாட்டுக்கு மிக்ஸிங் பண்ணுகிற பேரில் நாள் முழுக்க ஊரார் குரலையெல்லாம் அமுக்கிக்கொண்டிருக்கிறவர் என்பது இன்னொன்று. அவருக்கு இது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டார். கண்டுகொள்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மகன் வெளியூரில் வேலைக்குப் போனதும் காலியான படுக்கையறைதான் அவருடைய வேலைக்கூடம். பழைய மெத்தைகளைப் பிரித்துச் சுவரில் அடித்திருக்கிறார். மகனுடைய கட்டில் இன்னும் ஓரமாகக் கிடக்கிறது. வாத்தியக்காரர்கள், பாட வந்தவர்கள், படம் எடுக்கிறவருடைய மைத்துனர்கள், எல்லோரும் வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்வது அதன் மேல்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் பாட்டுக்குள் வந்துவிடும். மூடினால் காற்று வராது. ஆகவே மூடி வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுவார்.

கம்ப்ரஸ்ஸர் என்றதும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உறுமுகிறதே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கணினிக்குள் இருக்கிற மென்பொருள். பாடுகிறவர் கத்தினால் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைக்கும். முணுமுணுத்தால் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு ஒன்று போதாதா என்று கேட்பவருக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அவருடைய திரையில் அந்தப் பட்டியலைக் கீழே இழுக்க இழுக்க விரல் வலிக்கும். அந்தக் காலத்து இரும்புப் பெட்டிகளை அப்படியே படமாக வரைந்து, ஊசி ஆட வைத்து, துருப்பிடித்த திருகாணியைக்கூட விடாமல் யாரோ புண்ணியவான் செய்து வைத்திருக்கிறான். தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்தால் போதும், இவர் வாங்கிவிடுவார். வாங்கிய மறுநாளே, இதுவும் அதே கழுதைதான் என்று தோன்றும். அதற்குள் அடுத்த தள்ளுபடி வந்திருக்கும்.

பேர்களெல்லாம் எண்ணும் எழுத்துமாக வாயில் நுழையாது என்பதால் சிலதற்கு அவரே பேர் வைத்திருந்தார். ஊசி ஆடுகிற பழைய பெட்டியின் நகல் கிழவர். முரட்டுத்தனமாகப் பிடித்து நிறுத்துவது மிலிட்டரி. என்ன செய்கிறதென்றே தெரியாத சாம்பல் நிறத்து ஒன்று இருந்தது, அது மாப்பிள்ளை.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அவளைப் பற்றியதுதான். பகலில் பள்ளிக்கூட டீச்சர். கூப்பிட்டால் போய் ட்ராக் பாடுவாள். பேரெடுத்த பாடகி வந்து கேட்டுப் பழகிக்கொள்வதற்காக, முன்கூட்டியே யாராவது ஒருத்தர் முழுப் பாட்டையும் பாடி வைப்பார்கள் அல்லவா, அதுதான் ட்ராக். பேரெடுத்தவர் வந்து பாடிவிட்டுப் போனதும் அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த எழுத்தில் குழைவது என்று எத்தனையோ பாட்டுகளில் இவள்தான் வழி கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் பாட்டுகளில் இவள் கண்டுபிடித்ததெல்லாம் இருக்கிறது, இவள் மட்டும் இல்லை. எடுக்கிற வேலையை யார் செய்வது? வீட்டுக்காரர்தான். மவுஸில் ஒரு சொடுக்கு, பெண்டாட்டி காணாமல் போய்விடுவாள். இருபது வருஷத்தில் இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டது இல்லை.

இந்தத் தடவை ஓர் அதிசயம் நடந்தது. இசையமைப்பாளன் சின்ன வயசுக்காரன். இவர் அவனை "சார்" என்பார், அவன் இவரை "அண்ணே" என்பான், தொழிலில் அதுதான் முறை. அவன் போனில் சொன்னான்.

"அண்ணே, படத்துல இது அம்மா பாடற பாட்டு. அக்கா பாடின ட்ராக்கே பொருத்தமா இருக்குன்னு தோணுது. ஆனா ரெண்டாவது வரியில குரல் சன்னமாகி இறங்கிடுது. அது நின்னுடுச்சுன்னா அக்காதான். நிக்கலைன்னா வெள்ளிக்கிழமை வேற ஆளை வரச் சொல்லிடறேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் அன்றைக்கே மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் மறுபடி பாடினாள். பழைய குரலை அவர் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டுப் புதியதைத் திரையில் அதற்குக் கீழே வைத்துக்கொண்டார். பிறகு கம்ப்ரஸ்ஸர் தேட உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கிழவரைப் போட்டால் குரல் இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருந்தது. மிலிட்டரி வரியை நிமிர்த்தி நிறுத்தியது. ஆனால் தாலாட்டு மாதிரி இருக்க வேண்டிய பாட்டு அதட்டல் மாதிரி ஆனது. மாப்பிள்ளை வழக்கம்போல வந்தான், உட்கார்ந்தான், போனான். இவர் ஒவ்வொன்றாக மாற்றி, குமிழைத் திருகி, கண்ணை மூடிக் கேட்டு, இன்னும் கொஞ்சம், இல்லை குறை, இல்லை இதைவிட முந்தினதே தேவலை என்று சுற்றிச் சுற்றி வந்தார். காதென்ன இரும்பா? மூன்றாம் நாள் எல்லாமே அப்பளம் பொரிக்கிற சத்தமாகக் கேட்டது. வாசலில் காய்கறி வண்டிக்காரன் கூவினால்கூட, இவனுக்கு மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு மனுஷன் களைத்துப் போயிருந்தார்.

பரீட்சை விடுமுறை என்பதால் அவளும் வீட்டிலேயே இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்துவாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரலே அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. அதே வரி, மறுபடி அதே வரி.

"ஏங்க, அந்த வரியைக் கொஞ்சம் விடுங்களேன். எதிர்வீட்டம்மா துணி காயப்போடும்போது அதைத்தான் பாடறாங்க."

"ஒரே ஒரு நிமிஷம் வந்து கேளு. இது ஒண்ணு. இது ரெண்டு. எது தேவலை?"

"ரெண்டாவது."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"அப்ப முதலாவது."

"விளையாடாதம்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"நான் எங்க விளையாடறேன்? கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பொம்பளையைப் பிடிக்காமப் போச்சு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. அந்த வரி இறங்கத்தான் செய்கிறது என்று அவள் நம்பிவிட்டிருந்தாள். இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, இனிமேல் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் கிழவரையே மறுபடி போட்டார். குமிழை மயிரிழை திருகினார். "இப்ப?" என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். "இப்ப நிக்குதுங்க" என்றாள். அவருக்கும் அப்படித்தான் கேட்டது. இரண்டாவது வரி எழுந்து வந்து முதல் வரிக்குப் பக்கத்தில் நின்றது. அப்பாடா என்று பாட்டை அனுப்பிவிட்டு, நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். வேலை முடிந்த தைரியத்தில் கேட்டாள்.

"அந்தக் கிழவர் அப்படி என்னதான் பண்றாரு? முழுசாத் திருகிக் காட்டுங்களேன்."

"முழுசாத் திருகினா நசுங்கிப் போயிடும்."

"நசுங்கட்டும், பார்க்கலாம்."

திருகினார். திரையில் ஊசி இடதுபக்கம் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. குரல் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பாடிக்கொண்டு போனது. அவர் டீயைக் கீழே வைத்தார். கிழவரைத் தூக்கியே எறிந்தார். அதே குரல். மிலிட்டரியைப் போட்டு உச்சிக்குத் திருகினார். அதே குரல்.

மூன்று நாளும் எல்லாவற்றையும் மேலே இருந்த பழைய ட்ராக்கின் தலையில் போட்டிருந்தார். சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தாரே, அதன் தலையில். ஊசி ஆடியதே என்றால், ஆடாமல் என்ன செய்யும்? அதே பாட்டு, அதே ஆள், மூச்சு வாங்குகிற இடம்கூட மாறாது. யாருக்கும் கேட்காத குரலுக்கு ஊசி பொருத்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. கேட்ட குரலை ஒருத்தரும் தொடவே இல்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இத்தனை வருஷ அனுபவம், புதுசாக வந்தவன் செய்கிற தப்பு.

"அப்ப நேத்து மூக்கடைச்ச மாதிரி இருக்குன்னீங்களே?"

"அப்படித்தான் கேட்டுச்சு."

"இப்ப நிக்குதுன்னு நானே சொன்னேனே?"

"நீயும் சொன்ன. நானும் சொன்னேன்." திரையில் மேலே இருந்த ட்ராக்கைத் தொட்டுக் காட்டினார். "சார் இறங்குதுன்னு போன்ல சொன்னது பழைய ட்ராக்கை. புதுசுல இறங்கவே இல்ல போல."

அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மறுபடி போடுங்க" என்றாள். மூன்று நாளில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மடியில் தாளம் தட்டிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மகன் இந்தக் கட்டிலில் படுத்து வளர்ந்த காலத்தில் பார்த்தது.

"நல்லாத்தான் பாடியிருக்கேன், இல்ல?"

"ம்" என்றார் அமுக்குணி. மனசுக்குள் நிறைய இருந்தது. வாய்க்கு வந்தது அவ்வளவுதான். அதற்குள் போன் அடித்தது. இசையமைப்பாளன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே! பிரமாதம்ணே! ரெண்டாவது வரி என்னமா நிக்குது! படம் எடுக்கறவரும் பக்கத்துலதான் இருக்காரு, ஓகே சொல்லிட்டாரு. அக்காதான், முடிவு பண்ணியாச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா, எந்த கம்ப்ரஸ்ஸர்ணே போட்டீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒன்றுமே போடவில்லை என்று சொன்னால் அந்தப் பையன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். மறுபடி போட்டுக் கேட்பான். கேட்டால் இறங்கும். மூன்று நாளாக அவர் காதுக்கே இறங்குவதாகக் கேட்கவில்லையா? பயமாக இருந்தது. அசதியாகவும் இருந்தது. இன்னொரு வெள்ளிக்கிழமையைத் தாங்க அவரால் முடியாது.

"ஊசி ஆடற பழைய பெட்டியோட நகல் ஒண்ணு வெச்சிருக்கேன் சார். அதான்."

"அதானே பார்த்தேன்! வெறும் குரல் இப்படி நிக்காதே. எனக்கும் அதை அனுப்பி வைங்கண்ணே."

"அனுப்பறேன் சார்."

போனை வைத்தார். எதிர்வீட்டு மோட்டார் ஓடி நின்றது. அவள் எழுந்து டீக் கோப்பைகளை எடுத்தாள். கதவுவரை போய்விட்டு நின்றாள்.

"எனக்காகத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, உண்மையைச் சொன்னா அந்தாளு மறுபடியும்..."

"தெரியுங்க. பாட்டு போயிருக்கும். போயிருந்தா என்ன, எத்தனை பாட்டு போகலை?" அவள் குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஒண்ணுமே போடலை சார், அவ குரலே அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நம்பறாரோ இல்லையோ. நான் கேட்டிருப்பேன்ல."