செதிள் உள்ள மீன்

மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி அறை முழுக்க மிளகு வாசம். விரால் மீன் ரசம். அக்கா எட்டிப் பார்த்து, "செதிள் இருந்துச்சாடா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு தேறினால்தான் புற்றுநோய்க்கு அடுத்த ஊசி போட முடியும், எதையாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். இவளோ மீனுக்கு ஜாதகம் பார்க்கிறாள்.

கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூர் போன பிறகு அக்கா சேர்ந்த சபையில் பைபிளின் லேவியராகமத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பார்கள். ஆடு கூடும், அது அசைபோடும், குளம்பும் பிளந்திருக்கும். பன்றி கூடாது. சிறகும் செதிளும் இல்லாத மீன் கூடாது. முக்கொம்புக்குப் போனால் கெளுத்தி வறுவலுக்கு உயிரை விடுகிறவள், ஒரே நாளில் நிறுத்தினாள். "அவர் பரிசுத்தர்டா, நாமளும் அப்படி இருக்கணும்ல. தட்டுலேருந்துதானே ஆரம்பிக்கணும்" என்பாள். நான் சிரிப்பேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் என் எதிர்வீட்டு மாமி ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தால், என்ன ஆசாரம் என்று கும்பிடுவேன். ஒன்றை வேண்டாமென்று ஒதுக்குகிறவர் கடவுளுக்காகத் தானும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவுதானே. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

"விராலுக்குச் செதிள் உண்டுக்கா. கடையிலேயே சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தோலை உரிச்சுட்டாங்க."

"நான் பாக்கலையே."

மார்க்கெட்டுக்கு ஓடினேன். மீன் நறுக்கும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செதிளை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"எங்கக்கா சாப்பிடணும்ங்க."

அவர் கழிவுக்கூடையைக் கிளறி ஒரு பிடி எடுத்துத் தந்தார். "இன்னிக்கு விரால் நீங்க வாங்குனது ஒண்ணுதான். பயப்படாமக் கொண்டுபோங்க."

அக்கா அதை உள்ளங்கையில் வாங்கி, ஒட்டியிருந்த சாம்பலை விரலால் துடைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள். அப்பாடா என்று ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"இறங்கலடா. ஒரு வாரமா எச்சில்கூட இறங்கல. முடியலன்னா நீங்கல்லாம் அழுவீங்க. கூடாதுன்னு சொன்னா திட்டிட்டு விட்டுருவீங்கன்னு பாத்தேன்."

"ஒரே ஒரு வாய்க்கா, எனக்காகக்கா" என்று குழந்தை மாதிரி கெஞ்சினேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதமே அக்கா போய்விட்டாள். இன்றைக்கு என் தட்டில் கூடாதது என்று எதுவுமில்லை. எல்லாம் இறங்கவும் செய்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.