மாதாவைத் தொட்ட கை

ஆவணி மாதா திருநாளுக்கு மாதாவின் சொரூபத்துக்குப் பட்டு உடுத்திச் சோடிப்பது அன்ரனெற்றின் வேலை. கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். கிழமை நாட்களில் அவள் பிஸ்கற் பக்டரியில் பெட்டி அடுக்குகிறவள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. திருநாளன்று நீலப் பட்டுத்துணியை மடிப்பு மடிப்பாக ஊசி குத்தி, கதிரையில் ஏறி மாதாவின் தலையில் பொன்முடியையும் வைத்துவிட்டு அவள் கீழே இறங்கும்போது மட்டும் சனம் வாயைப் பிளந்து பார்க்கும். அந்த ஒரு நாளை நினைத்தே மிச்ச வருசத்தை ஓட்டுவாள்.

1996 ஆடியில் வேரோனிக்கா சுவிசுக்குத் தமையனிடம் போய்வந்தாள். அவளும் அன்ரனெற்றும் மோர்னிங்சைட் வீதியில் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். அன்ரனெற்றுக்கு அகதிப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை. கனடாவை விட்டு அசைய முடியாது. வேரோனிக்கா கொண்டுவந்து கொடுத்த சொக்கிலேற்றை அவள் பிரிக்கவேயில்லை.

"மலைக்குள்ள ஒரு சின்னக் கிராமம் அக்கா. கோயிலுக்குப் பக்கத்தில வீடு மாதிரி ஒரு மியூசியம். உள்ள முழுக்கப் பழைய சுருவங்கள், மரத்தில செதுக்கினது. ஒரு மாதா நிக்கிறா, உடுப்பெல்லாம் தங்க நூல் வேலை. நீங்கள் பாத்திருந்தா விட்டிட்டு வந்திருக்க மாட்டியள்."

"இஞ்ச நிக்கிறவவும் மாதாதான்," என்றாள் அன்ரனெற்.

வேரோனிக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் கோயில் எண்ட நினைப்பில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, கயிறைத் தாண்டிப் போய் மாதாவின்ர காலைத் தொட்டுக் கொஞ்சிப்போட்டன். உடன மணி கீயெண்டு அடிக்கத் துவங்கீட்டுது. காவலுக்கு நிண்ட மனுசி ஓடிவந்து பேசின பேச்சு! அண்ணைக்கு வெக்கத்தில தலை நிமிரேல்ல."

அன்று இரவு அன்ரனெற் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, வேரோனிக்காவும் அங்கே நிற்க, எல்லாப் பெண்களுக்கும் கேட்கத்தக்கதாக அந்தக் கதையை அவிழ்த்துவிட்டாள். சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். அங்கே எல்லாருக்கும் மூத்தவரான பேர்ணடெற் அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"தொட்ட உடன மணி அடிச்சதோ?"

"அது அலாரம் அன்ரி. கள்ளரைப் பிடிக்கிறதுக்கு வச்சது."

"இருக்கட்டும் பிள்ளை. ஆர் ஆரெல்லாம் அங்க போயிருப்பினம். இவளுக்கெல்லோ அடிச்சிருக்கு!"

அடுத்த கணம் எல்லோரும் வேரோனிக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவளுடைய கையை இழுத்துக் தன்னுடைய காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். திருநாளைப் பொறுப்பெடுத்து நடத்துகிற அமிர்தநாதர் தொண்டையைச் செருமினார்.

"இந்தமுறை முடியை உந்தப் பிள்ளை வைக்கட்டும்."

"உவளுக்கு ஒரு ஊசி குத்தவும் தெரியாது அங்கிள்!" என்றாள் அன்ரனெற்.

"சோடிப்பை நீர் செய்யும். முடியை மட்டும் அவ வைக்கட்டும்."

திருநாளன்று அன்ரனெற் ஒரு மடிப்பும் பிசகாமல் பட்டு உடுத்திச் சோடித்தாள். பிறகு வேரோனிக்கா முடியோடு கதிரையில் ஏறினாள்.

"அக்கா, கதிரையைப் பிடியுங்கோ. விழுந்திடுவன்."

அன்ரனெற் குனிந்து பிடித்தாள். சனம் முழுவதும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரியோ அக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முடி வலப்பக்கம் சரிந்திருந்தது. அவளுடைய கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணுக்கும் அது பிடிபடாது.

"ஓம், நல்ல வடிவு," என்றாள். "இறங்கும்."