ஸெனோபியா கேட்ட சென்சார்

ஸெனோபியா டில்லெரியும் நானும் மெம்ஃபிஸில் ஒரே டிப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டினோம். பதினெட்டு வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு பிள்ளைக்குக்கூட முழங்கால் சிராய்த்ததில்லை. வாய்தான் பொல்லாதது.

அவள் மகள் ஜொனெலுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்காத வகை. பதினாறு வயதுக்குள் எங்கள் தெருவில் அவள் சடை பின்னாத தலை இல்லை. பின்னிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை சரசரவென்று இறங்கிக் கண் சொருகிவிடும். கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் சென்சார் இருந்தால் முன்கூட்டியே போன் அலறி எச்சரிக்கும். அதைக் கேட்டு மூன்று முறை டாக்டர் ரென்ஷாவிடம் போனாள் ஸெனோபியா.

“மொதல்ல மூணு மாசம் சர்க்கரையக் கட்டுல வச்சுக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்,” என்றார் மூன்று முறையும்.

வெளியே காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் கையில் அந்த சென்சார் இருந்தது. அவன் அம்மாவிடம் விசாரித்தாள்.

“நோய் தெரிஞ்ச மாசமே குடுத்துட்டாங்களே! உங்களுக்கு இன்னும் தரலையா?” அந்த அம்மா நிஜமாகவே திகைத்துப்போனாள்.

மே மாதம், மதியம் மூன்று மணி. பேருந்து நிறுத்தத்தில் ஜொனெலுக்குச் சர்க்கரை இறங்கியது. நாக்கு குழறியது, கால் தள்ளாடியது. யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள்.

“குடிச்சிருக்கியா? பையிலேர்ந்து கைய எடு!”

சர்க்கரையை ஏற்ற அவள் பைக்குள் ஜூஸைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரன் அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தைக் கான்கிரீட்டில் மோதினான். இன்னொருவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினான். எலும்பு முறிந்த சத்தம் எதிர்ச் சலூன் வரை கேட்டிருக்கிறது.

“அது சர்க்கரைப் புள்ளடா, விடுங்கடா!” என்று ஓடிவந்த சலூன்காரர் க்ளியோஃபஸின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீண்டது.

ஜொனெலுக்கு வலிப்பு வந்தது. “திமிர்றா பாரு!” என்று மின்துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இருபத்தெட்டு. இரண்டு பல் போயிருந்தது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் ஸெனோபியா மாவுக்கட்டோடு மகளை அழைத்துக்கொண்டு ரென்ஷாவின் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“எங்களப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க? படிங்க.”

அவர் தயங்கினார். இமெல்டா என்ற நர்ஸ்தான் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ‘தாய் ஆத்திரக்காரி. வீட்டில் ஒழுங்கில்லை. சென்சார் கொடுத்தாலும் பயன்படுத்த மாட்டார்கள்.’

ஸெனோபியா அந்தத் திரையை ஒரே வீச்சில் தரையில் அடித்து உடைத்தாள். காவலாளிகள் இருவர் பாய்ந்து அவளைச் சுவரில் மோதினார்கள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. நடுவில் விழுந்த எனக்கு விலாவில் ஒரு குத்து. ஜொனெல் மாவுக்கட்டுக் கையாலேயே ஒருவனை அடித்தாள்.

“பாத்தீங்களா, நான் எழுதினது சரிதானே,” என்றார் ரென்ஷா, குரலை உயர்த்தாமல்.

“நீங்க எழுதினதாலதான் சார் இது!” என்று கத்தினாள் இமெல்டா.

கடந்த இரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கு சென்சார் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்ற பட்டியலை இமெல்டா மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் கொடுத்தாள். மறுக்கப்பட்டவர்களில் முக்கால்வாசி எங்கள் கறுப்புப் பிள்ளைகள். முதலில் கட்டுப்படுத்திக் காட்டு என்கிற நிபந்தனை நீங்கியது. இப்போது நோய் தெரிந்தவுடன் எல்லாப் பிள்ளைக்கும் சென்சார். ரென்ஷா தண்டனை ஏதுமின்றி வேறு ஊருக்கு மாறிப்போனார். ஸெனோபியா மேல் வழக்கு விழுந்து, பேருந்து வேலை போயிற்று. கிடங்கில் பெட்டி தூக்குகிறாள்.

ஜொனெலின் இடது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. நான்கு மணி நேரப் பின்னல் எட்டு மணி நேரம் இழுக்கிறது. ஆனாலும் பெண்கள் வந்து உட்காருகிறார்கள். அக்டோபரில், கையை முறுக்கிய அந்தப் போலீஸ்காரனுக்கு எதிராக அவள் சாட்சி சொல்ல வேண்டும். அவன் முகத்தை நினைத்தாலே வாந்தி வருகிறது என்கிறாள். போவேன் என்றும் சொல்கிறாள்.